நிஷி கசாயில் குடியேறுகிறவர்களுக்கு

டோக்கியோவுக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஊரில் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் குனிந்து வணங்குவதையும் சாப்ஸ்டிக் பிடிப்பதையும் தாண்டுவதில்லை. இரண்டும் ஒரு மாதத்தில் கைவந்துவிடும். வராவிட்டாலும் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் வைக்க வேண்டிய குப்பையை ஞாயிற்றுக்கிழமை இரவே கொண்டுபோய் வைத்தால்தான் முகம் சுளிப்பார்கள். அது நாலைந்து முறை நடந்தால், அடுத்து அந்தக் கட்டடத்தில் வீடு கேட்டு வரும் இந்தியக் குடும்பத்துக்கு “இடம் இல்லை” என்ற பதில்தான் கிடைக்கும்.

அந்த நகரத்தில் பல மாதங்கள் தங்கியிருக்கிறேன். அங்கே குடித்தனம் நடத்தும் தமிழர்களின் வீடுகளில் சாப்பிட்டிருக்கிறேன், அவர்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருக்கிறேன். அதில் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். டோக்கியோ எவ்வளவு பெரியது என்று மலைக்காதீர்கள். உங்கள் வார்டைத் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் பின்னால் வரும்.

டோக்கியோவின் மையப் பகுதி 23 வார்டுகளால் ஆனது. சென்னை மாநகராட்சி வார்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொன்றும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மேயரும் மன்றமும் கொண்ட தனி நகராட்சி. குடியிருப்புப் பதிவு, குப்பை, தொடக்கப் பள்ளி, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதன் கையில். நம்மவர்கள் அதிகம் போய்ச் சேருவது கிழக்குக் கோடியில், அரகாவா ஆற்றுக்கும் எடோ ஆற்றுக்கும் நடுவே இருக்கும் எடோகவா வார்டு. அதற்குள் நிஷி கசாய். 2000-ஆம் ஆண்டை ஒட்டி, கணினிகளில் ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியதால் வந்த ஒய்2கே சிக்கலைச் சரிசெய்ய இந்தியப் பொறியாளர்கள் வந்தார்கள். ஓதேமாச்சி, நிஹோம்பாஷி வட்டாரத்து வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும் டோசாய் மெட்ரோவில் மாறாமல் சுமார் 20 நிமிடத்தில் போய்விடலாம் என்பதால் இங்கே தங்கினார்கள். 1978-லேயே ஜப்பான் வந்து தேயிலை வணிகம் செய்துகொண்டிருந்த ஜக்மோகன் சந்திராணி, வீடு கிடைக்காமல் திண்டாடிய அந்த இளைஞர்களுக்குத் துணை நின்றார். இன்று ரயில் நிலையத்து வாசலில் மாலை ஏழு மணிக்கு நின்றால் தமிழ், தெலுங்கு, மராத்தி மூன்றும் காதில் விழும்.

மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் விசாவில் வருகிறவர்களுக்கு நரிதாவிலோ ஹனேடாவிலோ விமான நிலையத்திலேயே வசிப்பிட அட்டை கொடுத்துவிடுவார்கள். அதில் முகவரி இருக்காது. வீடு அமைந்த 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிந்து, அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டு வாங்க வேண்டும். குடும்பமாக வருகிறவர்கள் திருமணச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் ஜப்பானிய மொழிபெயர்ப்போடு எடுத்துச் செல்லுங்கள். கசாய் பகுதிக்கென்று வார்டின் கிளை அலுவலகம் உண்டு, தலைமை அலுவலகம் வரை போக வேண்டியதில்லை. பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் அந்த அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பால் வாங்கக் கீழே இறங்கினாலும்தான்.

இந்தப் பதிவு முடிந்தால்தான் மற்றவை நகரும். முகவரி இல்லாமல் செல்பேசி இணைப்பு கிடைக்காது, செல்பேசி எண் இல்லாமல் வங்கிக் கணக்கு கிடைக்காது, வங்கிக் கணக்கு இல்லாமல் சம்பளம் வராது. இந்த வரிசையை மாற்ற முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, பெயர். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்ட பாஸ்போர்ட், குடும்பப் பெயர் இடம் காலியாக உள்ள பாஸ்போர்ட், இனிஷியலை விரித்து எழுதிய பாஸ்போர்ட் என்று நம்மிடம் பல வகை. ஜப்பானில் எல்லாப் படிவங்களிலும் பெயரைக் கத்தகானா எழுத்தில் கேட்பார்கள். கார்த்திகேயன் என்பதை வங்கியில் ஒரு விதமாகவும் செல்பேசிக் கடையில் வேறு விதமாகவும் எழுதிக்கொடுத்தால், மாதத் தவணை வங்கியிலிருந்து பிடிக்கப்படாமல் திரும்பிவரும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆள். முதல் நாளே ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து, உங்கள் பெயரின் கத்தகானா வடிவத்தை முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கேட்டாலும் அந்தத் தாளைப் பார்த்தே எழுதுங்கள்.

வீடு பார்ப்பதற்கு வருவோம். தனியார் வீடுகளுக்கு முன்பணம் உண்டு. அது கழிவுகள் போகத் திரும்பி வரும். அதற்கு மேல் வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம் என்று ஒரு மாத வாடகையோ இரண்டு மாத வாடகையோ கேட்பார்கள். அது திரும்பி வராது. தரகருக்கு ஒரு மாத வாடகை வரை, உத்தரவாத நிறுவனத்துக்குக் கட்டணம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கட்டணம். குடிபுகும் நாளில் நாலைந்து மாத வாடகைக்கு ஈடான தொகை கையைவிட்டுப் போகும். வெளிநாட்டவருக்கு வீடு இல்லை என்று தரகர் அலுவலகத்திலேயே சொல்வதும் நடக்கிறது. அங்கே நின்று வாதாடுவதில் பயன் இல்லை, அடுத்த கதவைத் தட்டுங்கள். யூஆர் என்ற அரசு சார்ந்த நிறுவனத்தின் அடுக்ககங்களில் நன்றிப் பணம், தரகு, உத்தரவாதி, புதுப்பிப்புக் கட்டணம் நான்குமே கிடையாது. வருமானத் தகுதி இருந்தால் போதும், எந்த நாட்டவர் என்பது தடையில்லை. நிஷி கசாயில் இந்தியர்கள் வேர்விட்டது இந்த அடுக்ககங்களால்தான். கொஞ்சம் பழைய கட்டடம் என்றாலும் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பழைய கட்டடம் எதுவானாலும் எந்த ஆண்டு கட்டியது என்று கேளுங்கள். 1981 ஜூனில் நிலநடுக்கக் கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முந்தையது என்றால், வலுப்படுத்தப்பட்டதா என்று விசாரிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

வெறும் வீடு என்றால் உண்மையிலேயே வெறும் வீடு. விளக்கு, திரைச்சீலை, பல வீடுகளில் அடுப்புகூட இருக்காது. எரிவாயு இணைப்புக்கு ஆள் வரும்போது நீங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும், அதனால் குடிபுகும் நாளுக்கு முன்பே நேரம் குறித்துவிடுங்கள். குழாய் எரிவாயுவுக்கும் சிலிண்டருக்கும் அடுப்பு வேறு வேறு; எது என்று தெரியாமல் அடுப்பு வாங்காதீர்கள். மின்சாரம் 100 வோல்ட். ஊரிலிருந்து ஆசையாகச் சுமந்து வரும் 230 வோல்ட் மிக்ஸி அங்கே திணறும், சட்னிகூட அரைபடாது. வெளிநாட்டுக்கென்று விற்கும் 110 வோல்ட் மிக்ஸியை வாங்கி வாருங்கள். பச்சைக் கறிவேப்பிலையையும் முருங்கைக்காயையும் பெட்டியில் வைக்காதீர்கள். தாவர நலச் சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மாத்திரைகளுக்கு ஜப்பானில் முழுத் தடை. நம் ஊர் மருந்துக் கடையில் சாதாரணமாகக் கொடுப்பார்கள், அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு எடுத்துவையுங்கள்.

இனி குப்பை. இதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் எப்படிப்பட்ட குடித்தனக்காரர் என்று அக்கம்பக்கம் அளப்பது இதை வைத்துத்தான்.

எரியும் குப்பை வாரத்துக்கு இரண்டு நாள், மறுசுழற்சிக்குப் போவது வாரத்துக்கு ஒரு நாள், எரியாதது மாதத்துக்கு இரண்டு நாள். எந்தக் கிழமை என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். வார்டு அலுவலகத்தில் ஆங்கிலத்திலும் அச்சிட்ட அட்டவணை உண்டு, முகவரி பதியும்போதே கேட்டு வாங்குங்கள். அன்று காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும். முந்தின இரவே வைத்தால் விடிகாலையில் காக்கைகள் கிழித்துத் தெரு முழுக்க இறைத்துவிடும். டோக்கியோக் காக்கை நம் ஊர்க் காக்கையைவிடப் பெரிது, அலகு தடித்தது. அதற்காகத்தான் பைகள்மேல் போர்த்த வலை கிடக்கிறது. உங்கள் பையை வலையின்மேல் வைத்துவிட்டு வராமல், வலையைத் தூக்கி உள்ளே வைத்து ஓரத்தை இழுத்து மூடிவிட்டு வாருங்கள். வகை தவறிய பையை எடுக்கமாட்டார்கள். ஏன் எடுக்கவில்லை என்று ஒரு தாளை ஒட்டி அங்கேயே விட்டுப் போய்விடுவார்கள். அது நாள் முழுக்க எல்லோர் கண்ணிலும் படும்.

கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு பெண்மணியின் சமையலறையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். குளிர்பதனப் பெட்டிக் கதவில் கிழமைகளுக்கு நிறம் தீட்டிய அட்டவணை. பாத்திரம் கழுவும் தொட்டியின் மூலையில் முக்கோணக் கூடை, அதற்குள் வலைப்பை. காய்கறித் தோலும் தேங்காய்ச் சக்கையும் அதில் விழும். இரவு கையால் பிழிந்து நீரை வடித்து, செய்தித்தாளில் சுருட்டிக் கட்டுவார். ஈரமாகப் போட்டால் கோடையில் நாறும், எரிக்கவும் கூடுதல் எரிபொருள் ஆகும். பெட் பாட்டிலின் மூடியையும் மேலே சுற்றிய தாளையும் கழற்றி, அலசி, காலால் மிதித்துத் தட்டையாக்குவது அவருடைய ஏழு வயது மகனின் வேலை. தீபாவளிக்கு முறுக்கு சுட்டு முடித்ததும், சூடாக இருக்கும் எண்ணெயில் கடையில் வாங்கிய ஒரு பொடியைத் தூவிக் கிளறிவிட்டார். ஆறியதும் எண்ணெய் முழுவதும் இறுகிப்போய்விட்டது. வாணலியின் ஓரத்தில் கரண்டியைக் கொடுத்து அப்படியே வட்டமாகப் பெயர்த்து எடுத்து, எரியும் குப்பையில் சேர்த்தார். ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு ஜப்பானியப் பாட்டி அவருக்குச் சொல்லிக்கொடுத்ததாம். முறுக்கில் ஒரு பங்கு அந்தப் பாட்டிக்குப் போயிற்று.

பழைய மேசை, கட்டில், மெத்தை போன்றவற்றுக்குத் தொலைபேசியிலோ இணையத்திலோ நாள் பதிந்து, மளிகைக் கடையில் கட்டண வில்லை வாங்கி ஒட்டி வெளியே வைக்க வேண்டும். தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், ஏசி நான்கையும் இந்த வழியில் போட முடியாது. அவற்றுக்கு 2001-லிருந்து தனிச் சட்டம், தனிக் கட்டணம். ஊர் திரும்பும்போது பலரும் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

குடிபுகுந்ததும் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் சின்னதாக ஓர் இனிப்புப் பெட்டியோடு போய்த் தலைகாட்டிவிட்டு வாருங்கள். மொழி வேண்டியதில்லை, பெயரைச் சொன்னால் போதும். சுவர்கள் மெல்லியவை, இரவு ஒன்பதுக்குமேல் மிக்ஸியும் துணி இயந்திரமும் ஓட வேண்டாம். பிள்ளைகள் ஓடியாடினால் கீழ் வீட்டுக்குக் கேட்கும், தரையில் தடித்த விரிப்புப் போடுங்கள். குடியிருப்போர் சங்கம் கூப்பிட்டால் போங்கள். மாதத்தில் ஒரு நாள் புல் பிடுங்கவும் பெருக்கவும் கூடுவார்கள். யோகேந்திர புராணிக் 2019 ஏப்ரலில் எடோகவா வார்டு மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்தவர் ஒருவர் ஜப்பானில் தேர்தலில் வென்றது அதுவே முதல்முறை. அதற்கு முன் நிஷி கசாயில் தன் அடுக்ககத்துச் சங்கத்தில் வேலை செய்தவர் அவர்.

டோசாய் மெட்ரோவில் விரைவு வண்டி நிஷி கசாயில் நிற்காது. மாலையில் ஓதேமாச்சியில் வந்த வண்டியில் ஏறினால் உராயாசுவில் போய் இறங்கித் திரும்பி வர வேண்டியிருக்கும். நடைமேடைப் பலகையைப் பார்த்து ஏறுங்கள். காலை நேர நெரிசலில் டோக்கியோவின் மோசமான வழித்தடங்களில் ஒன்று இது. அரை மணி முன்னதாகக் கிளம்பினால் உடம்புக்கு நல்லது. கடைசி வண்டி நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், அடுத்தது விடிகாலை ஐந்து மணி வாக்கில்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் “இறைச்சி வேண்டாம்” என்று சொன்னால் போதாது. காய்கறி உடோன், மிசோ சூப், வேகவைத்த கீரை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது உலர்ந்த மீனைச் சீவிப் போட்டுக் காய்ச்சிய சாறு. கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள், கேட்க வேண்டும். நிஷி கசாயில் துவரம்பருப்பும் உளுந்தும் இட்லி அரிசியும் கிடைக்கும். குளிர்காலத்தில் மாவு புளிப்பதுதான் பாடு. நான் சொன்ன பெண்மணி, குளித்து முடித்த பின் வெந்நீர்த் தொட்டியை மூடி, அந்த மூடியின்மேல் மாவுப் பாத்திரத்தை வைத்துவிடுவார். காலையில் பொங்கியிருக்கும்.

மருத்துவச் செலவில் காப்பீடு உள்ளவர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியது 30 சதவீதம். 23 வார்டுகளிலும் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டியதில்லை. 2023 ஏப்ரலிலிருந்து மேல்நிலைப் பள்ளி வயதினருக்கும் நீட்டித்தார்கள். ஆனால் அதற்கான சான்றிதழை வார்டு அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும், தானாக வராது. காய்ச்சலுக்கு நேரே பெரிய மருத்துவமனைக்குப் போகாதீர்கள், பரிந்துரைக் கடிதம் இல்லாமல் போனால் 7,000 யென்னோ அதற்கு மேலோ கூடுதலாகக் கட்ட நேரும். தெருமுனை மருத்துவரிடம் முதலில் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 119, காவல்துறைக்கு 110.

இப்போது எடோகவாவைப் பற்றி அங்கே குடியேறும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய, பலருக்கும் தெரியாத விஷயம். இந்த வார்டின் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் கடலின் உயர் அலை மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. சென்ற நூற்றாண்டில் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சியெடுத்ததில் தரை தாழ்ந்துபோனது. கரைகளும் நீரேற்று நிலையங்களும்தான் இந்த ஊரைக் காக்கின்றன. ஆற்றங்கரைமேல் ஏறி நின்று பாருங்கள். ஒரு பக்கம் அரகாவாவின் நீர், மறுபக்கம் அதைவிடத் தாழ்ந்த வீடுகளின் கூரைகள். 2019 மே மாதம் வார்டு நிர்வாகம் வீடுதோறும் கொடுத்த வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையில், வார்டின் படத்துக்கு மேலேயே, இங்கே இருக்கக் கூடாது என்று அச்சிட்டிருந்தார்கள். தன் குடிமக்களிடம் இவ்வளவு நேராகப் பேசும் நிர்வாகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஹகிபிஸ் புயல் வந்தது. ரயில்கள் நிறுத்தப்படும் என்று முன்னதாகவே அறிவித்துவிட்டு நிறுத்தினார்கள். நமக்கான பாடம் அதில் இருக்கிறது. பெரும்புயல் வருகிறது என்றால் வெளியேறும் முடிவை ஒரு நாள் முன்பே எடுக்க வேண்டும், மழை கொட்டத் தொடங்கியபின் போக ரயில் இருக்காது. மேற்கே, மேட்டு நிலத்தில் ஒரு நண்பர் வீட்டையோ விடுதியையோ இப்போதே யோசித்து வையுங்கள். வெள்ளம் புகுந்தால் ஒன்றிரண்டு வாரம்கூட வடியாது என்பதால், மேல்மாடியில் இருக்கிறோம் என்ற தைரியம் உதவாது. வீடு எடுக்கும்போதே அந்த வரைபடத்தில் உங்கள் கட்டடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

நிலநடுக்கத்துக்கு முன்னெச்சரிக்கை சில நொடிகள்தான். 1923 செப்டம்பர் 1-இல் வந்த நிலநடுக்கத்தில் இந்த நகரமே எரிந்தது. அந்த நாளில் ஆண்டுதோறும் ஒத்திகை நடக்கிறது, பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அலமாரிகளைச் சுவரோடு பிணையுங்கள், தலைமாட்டில் கனமான எதையும் வைக்காதீர்கள். மூன்று நாள் தண்ணீரும், காலணியும், மருந்தும், அட்டைகளின் நகலும் ஒரு பையில் வாசலோரம் இருக்கட்டும். ஓரளவு பலமாக ஆடினால் எரிவாயு மீட்டர் தானே அடைத்துக்கொள்ளும். கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு அதிலுள்ள பொத்தானை அமுக்கி மூன்று நிமிடம் காத்திருந்தால் திரும்ப வரும். இது தெரியாமல் நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீரில் குளித்தவர்கள் உண்டு. தொலைபேசி நெரிசலில் குடும்பத்துக்குச் செய்தி சொல்ல 171 என்ற குரல்பதிவு எண் இருக்கிறது. மாதத்தின் 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் பழகிப் பார்க்கத் திறந்துவிடுவார்கள், ஒருமுறை பழகுங்கள். மாலையில் தெரு ஒலிபெருக்கிகளில் குழந்தைப் பாட்டின் மெட்டு ஒன்று வரும். பேரிடர் ஒலிபரப்பு வேலை செய்கிறதா என்று தினமும் சோதிக்கும் வழி அது. பிள்ளைகளுக்கு வீடு திரும்பும் நேரமும் அதுவே.

பிள்ளைகளின் பள்ளி பற்றி அதிகம் யோசித்துக் குழம்புகிறார்கள். டோக்கியோவில் 2004-இலும் 2006-இலும் இந்தியப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. இரண்டு மூன்று ஆண்டில் ஊர் திரும்புவது உறுதி என்றால் அவை பொருந்தும். நீண்டகாலம் இருக்கப் போகிறீர்கள், பிள்ளை சிறியது என்றால் வார்டுப் பள்ளியில் சேருங்கள் என்பதே என் கட்சி. கல்விக் கட்டணம் கிடையாது. வகுப்பறையைப் பிள்ளைகளே பெருக்குவார்கள், மதிய உணவைப் பிள்ளைகளே பரிமாறுவார்கள். உணவில் மீன், மாட்டிறைச்சி வரும் என்பதை முன்கூட்டியே பேசி, வீட்டுச் சாப்பாட்டுக்கு அனுமதி கேளுங்கள். ஓர் ஆண்டுக்குள் உங்களுக்காக மருத்துவரிடமும் தபால்காரரிடமும் பேசுவது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

ஊர் திரும்பக் கிளம்பும் வேலையை இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். வீட்டைக் காலி செய்வதாக ஒப்பந்தப்படி ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டியிருக்கும். சுவரில் ஆணி அடித்திருந்தால் முன்பணத்தில் கழிப்பார்கள், குடிபுகுந்த அன்றே வீட்டின் கீறல்களையும் கறைகளையும் படமெடுத்து வைத்திருந்தால் அப்போது உதவும். குடியிருப்போர் வரி முந்தைய ஆண்டு வருமானத்துக்கு, ஜனவரி 1-இல் எங்கே இருந்தீர்களோ அந்த வார்டுக்கு, ஜூனில்தான் கேட்பு வரும். ஏப்ரலில் ஊர் திரும்பினாலும் அது உங்கள் கடன்தான். உங்கள் சார்பில் வரி கட்ட உள்ளூரில் ஒருவரை நியமித்து எழுதிக்கொடுத்துவிட்டு வாருங்கள். ஜப்பான் ஓய்வூதியத் திட்டத்தில் ஆறு மாதமாவது கட்டியவர்கள், ஊர் திரும்பி இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் ஒரு பகுதி மொத்தமாகத் திரும்பக் கிடைக்கும். நிறுவன ஓய்வூதியம் என்றால் அதில் 20.42 சதவீதம் வரி பிடிப்பார்கள். நியமித்த அதே ஆள் மூலம் அந்த வரியையும் திரும்பக் கேட்கலாம். ஆனால் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி இரு நாட்டுக் காலத்தையும் சேர்த்துக் கணக்கிட முடியும் என்பதால், மீண்டும் ஜப்பான் போகும் எண்ணம் உள்ளவர்கள் அவசரப்படக் கூடாது. பணத்தை வாங்கிவிட்டால் அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து போய்விடும். எதைத் தேர்ந்தாலும், ஓய்வூதிய எண் எழுதிய தாளைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள், கப்பலில் அனுப்பும் பெட்டியில் வேண்டாம்.